நன்றாக நடப்பவர்கள் ஏன் விழுகிறார்கள்? முதுமையும் காலடியை மாற்றும் திறனும்

கேள்வி இதுதான்: எழுபதைத் தாண்டிய ஒருவர் தினமும் நடைப்பயிற்சி போகிறார். கைத்தடி இல்லை. மருத்துவர் முன்னால் நடந்து காட்டினாலும் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் ஒரே வருடத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். நடை நன்றாக இருக்கும்போது ஏன் விழுகிறார்? வயது எதை மாற்றுகிறது? நாம் என்ன செய்யலாம்?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் நேராக நடப்பது ஒரு திறன். நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த காலை வேறு இடத்தில் வைப்பது, சட்டென்று நிற்பது, திரும்புவது, பேசிக்கொண்டே ஒன்றைத் தாண்டுவது எல்லாம் இன்னொரு திறன். முதுமை முதலாவதை மெதுவாகத்தான் தொடுகிறது. இரண்டாவதை வெகு முன்பே அரிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆனால் நாம் சோதித்துப் பார்ப்பதும் பயிற்சி செய்வதும் பெரும்பாலும் முதலாவதை மட்டும்தான். அதனால்தான் "நல்லா நடந்துகிட்டுதானே இருந்தார்" என்று குடும்பத்தார் திகைக்கிறார்கள்.

இது அரிதான பிரச்சினை இல்லை. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஒவ்வொரு வருடமும் ஒரு முறையாவது விழுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலக அளவில் வருடத்துக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காய மரணங்களில் சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இவ்வளவு பெரிய விஷயத்தை "வயசானா விழத்தான் செய்வாங்க" என்று ஒதுக்கிவிடுகிறோம். அதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதற்குக் காலடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நடக்கும்போது உடலின் எடை மையம் பெரும்பாலான நேரம் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே இருப்பதில்லை. முன்னாலும், உட்பக்கமாகவும் சாய்ந்தே இருக்கிறது. அதாவது உடல் ஒவ்வொரு காலடியிலும் விழ ஆரம்பிக்கிறது, அடுத்த கால் சரியான இடத்தில் வந்து அதைத் தாங்குகிறது. ஒரு முழு நடைச் சுற்றுக்குச் சுமார் ஒரு நொடி. அதில் ஒரு கால் காற்றில் இருக்கும் நேரம் ஏறத்தாழ 0.4 நொடி. வீசும் காலின் பெருவிரல் தரையிலிருந்து மிகத் தாழ்ந்து வரும் இடத்தில் இடைவெளி ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர்தான். அதே தருணத்தில்தான் பாதம் கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் முன்னே போகிறது. தரைவிரிப்பின் ஓரம் ஒரு சென்டிமீட்டர் எழும்பியிருந்தால் தடுக்குவதற்கு அது போதும்.

அந்த 0.4 நொடிக்குள் ஏதாவது மாற வேண்டி வந்தால்? கண் தடையைக் கவனிக்க வேண்டும். மூளை ஏற்கெனவே போட்ட திட்டத்தை நிறுத்த வேண்டும். புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தசைகள் உடனே விசையைத் திரட்ட வேண்டும். ஊன்றிய கால் கூடுதல் நேரம் தாங்க வேண்டும். இளையவர்களின் உடல் காற்றில் இருக்கும் காலின் பாதையை நடுவிலேயே திருத்திக்கொள்ளும், அதுவும் அவர்கள் யோசிப்பதற்கு முன்பே.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 1990களில் அவர்கள் ஒரு நடைபாதையில் ஆட்களை நடக்கவிட்டு, கால் விழப்போகும் இடத்தில் திடீரென்று ஒரு ஒளிப்பட்டையைத் தோன்றச் செய்தார்கள். அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும். கிடைக்கும் நேரம் 200 முதல் 450 மில்லி விநாடி. நேரம் தாராளமாக இருந்தபோது ஆரோக்கியமான முதியவர்கள் இளையவர்களுக்கு நெருக்கமாகவே செய்தார்கள். நேரம் சுருங்கச் சுருங்க வித்தியாசம் தெரிந்தது. அடுத்த ஆய்வில், நடந்துகொண்டே இன்னொரு சிறு வேலையையும் கவனிக்கச் சொன்னபோது இரு தரப்பினரும் தடுமாறினார்கள், முதியவர்கள் இன்னும் அதிகமாக. இதில் பங்கேற்றவர்கள் நோயாளிகள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக நடக்கச் சொன்னால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

சரி, இந்த நேரம் எங்கே தொலைகிறது? ஒரே இடத்தில் இல்லை, வழி நெடுக.

கண்ணில் ஆரம்பிப்போம். ஒரே வெளிச்சத்தில் நின்றாலும், 60 வயதில் விழித்திரையை அடையும் ஒளி 20 வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கண்மணி சிறுத்துவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைச் சரியாக வாசிப்பவர்கூட, ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு படிகளின் விளிம்பைப் பிரித்தறியத் திணறலாம். விழுவதோடு அதிகம் தொடர்புடையவை இந்த நிறமாறுபாட்டை உணரும் திறனும் ஆழத்தைக் கணிக்கும் திறனும். வழக்கமான கண் பரிசோதனையில் இவை இரண்டும் விட்டுப்போகின்றன.

பாதத்தின் தோலுணர்வும் கணுக்கால் மூட்டின் நிலையுணர்வும் மங்குகின்றன. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக மங்கும். உள்காதின் சமநிலை உறுப்பில் இருக்கும் நுண்மயிர்ச் செல்களும் குறைகின்றன. கண், பாதம், உள்காது மூன்றின் உணர்வும் சேர்ந்து குறையும்போதுதான் சிக்கல். ஒன்று குறைந்தால் மற்றது ஈடுகட்டும் என்ற ஏற்பாடு அப்போது உதவுவதில்லை. இருட்டில் கழிப்பறைக்குப் போகும்போது, கண்ணும் உதவாத நிலையில், மீதி இரண்டின் பலவீனம் வெளிப்படுகிறது.

தசையைப் பற்றி ஒரு பரவலான தவறான எண்ணம் உண்டு: பலம் இருந்தால் போதும் என்று. தடுக்கிய பிறகு மீள்வதற்குத் தேவை வேகமாக வரும் பலம். எவ்வளவு தூக்க முடியும் என்பதைவிட, கால்வாசி நொடிக்குள் எவ்வளவு விசையைத் திரட்ட முடியும் என்பதே அங்கே முக்கியம். வேகமாகச் சுருங்கும் தசை நார்கள்தான் வயதில் அதிகம் மெலிகின்றன. 65 முதல் 89 வயது வரையானவர்களிடம் 1994இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வு, தசை பலத்தின் வித்தியாசம் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் என்றும், காலின் வெடிப்புத் திறன் (சட்டென்று விசையைத் திரட்டும் திறன்) ஏறத்தாழ 3.5 சதவீதம் என்றும் காட்டியது. பத்து வருடத்தில் இந்த இடைவெளி எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்காலியிலிருந்து மெதுவாக எழ முடிகிறவர், தடுக்கியபோது காலை முன்னே வீசி ஊன்ற முடியாமல் போவது இதனால்தான்.

கணுக்கால் தரையை உந்தும் விசை குறைவதால் காலடி சுருங்குகிறது. இடுப்புத் தசைகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. இதில் ஒரு பங்கு பலவீனம், இன்னொரு பங்கு உடல் தானாகவே எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை. ஆனால் மெதுவாக, சின்னச் சின்ன அடியாக நடப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அடிகளுக்கு இடையிலான ஒழுங்கு குலைவது மெதுவான நடையைவிட மோசமான அறிகுறி என்பது என் கருத்து. 2001இல் நடை ஆய்வாளர் ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃபின் குழு, பராமரிப்பு இல்லங்களில் இல்லாமல் சமூகத்தில் வாழும் 52 முதியவர்களின் காலடி நேரத்தை அளந்துவிட்டு ஒரு வருடம் கண்காணித்தது. பின்னர் விழுந்தவர்களிடம் ஒவ்வொரு அடிக்கும் எடுத்த நேரத்தின் ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தது. நடையில் தாளம் தப்புகிறது என்று வீட்டார் உணர்ந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இனி மூளை. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இதுதான்.

இளம் வயதில் நடை கிட்டத்தட்ட தானாக நடக்கிறது. மூளையின் முன்பகுதி அதில் அதிகம் தலையிடுவதில்லை. வயதாக ஆக, உணர்வுச் செய்திகள் மங்குவதால், மூளை நடையை கவனத்தோடு நடத்த வேண்டியதாகிறது. கவனம் என்பது அளவான கையிருப்பு. பேச்சுக்கும் நடைக்கும் அதிலிருந்தே எடுத்தாக வேண்டும். 1997இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்வீடனைச் சேர்ந்த லில்லெமோர் லுண்டின் ஓல்சனும் சக ஆய்வாளர்களும் ஒன்றரைப் பக்கத்துக்கும் குறைவாக ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் குடியிருப்பில் 58 பேர். கூடவே நடந்து செல்பவர் பேச்சுக் கொடுப்பார். 12 பேர் பதில் சொல்ல நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். எந்தக் கருவியும் இல்லை, ஒரு பேச்சு மட்டும். நடையை நிறுத்தாதவர்களிலும் சிலர் விழுந்தார்கள் என்பதால் இதை முழுமையான சோதனை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவரின் நடைக்கு எவ்வளவு கவனம் செலவாகிறது என்பதை இது காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பார்வை எங்கே போகிறது என்பதிலும் இதே கதைதான். நாம் சாதாரணமாகச் சுமார் இரண்டு அடி தள்ளிப் பார்த்தபடி நடக்கிறோம் (நீளக் கணக்கில் அடி இல்லை, இரண்டு காலடி). குறிப்பிட்ட ஒரு இடத்தில் மிதிக்க வேண்டுமென்றால், பாதம் அங்கே ஊன்றும் வரை அல்லது ஊன்றுவதற்குச் சற்று முன்வரை கண் அந்த இடத்தில் இருக்கும். இங்கிலாந்தில் மார்க் ஹாலண்ட்ஸ் குழு 2006 வாக்கில் கண்டது: விழும் ஆபத்து அதிகமுள்ள முதியவர்கள், கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே பார்வையை எடுத்து அடுத்த தடைக்குத் தாவிவிடுகிறார்கள். அடுத்து வருவதைப் பற்றிய பதற்றம் இப்போது மிதிக்கும் அடியைக் கெடுக்கிறது. விளைவு, பாதம் குறி தவறி விழுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், "கால் ஊன்றும் வரை அங்கேயே பாருங்கள்" என்று சொல்லிக்கொடுத்தபோது அவர்களின் குறி மேம்பட்டது. மருந்தும் கருவியும் இல்லாமல், பார்வையைச் சற்று நிறுத்தி வைப்பதால் வரும் பலன் இது. படி இறங்கும்போதும் நடைபாதை விளிம்பிலும் இதை இன்றே ஆரம்பிக்கலாம்.

விழுவது என்றதும் நாம் வழுக்குவதை நினைக்கிறோம். உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் கனடாவின் ஸ்டீஃபன் ராபினோவிச் குழுவினர். பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 நிகழ்வுகளைப் பதிவு செய்து 2013இல் வெளியிட்டார்கள். 41 சதவீதம் எடையைத் தவறாக மாற்றியதால் நேர்ந்தவை: திரும்பும்போது, எட்டி எடுக்கும்போது, உட்காரப் போகும்போது உடல் ஒரு பக்கம் போய்விடுகிறது, கால் கூடப் போகவில்லை. தடுக்கியது 21 சதவீதம். வழுக்கியது வெறும் 3 சதவீதம். இது இல்லங்களில் இருப்பவர்களின் நிலை. வீட்டிலிருந்து வெளியே போய்வரும் முதியவர்களிடம் தடுக்குவதும் வழுக்குவதும் இன்னும் பெரிய பங்கு வகிக்கின்றன. இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: உடல் போகும் பக்கத்துக்குக் கால் சரியான நேரத்தில் போய்ச் சேரவில்லை.

பக்கவாட்டுச் சரிவுதான் அதில் மிகக் கடினமானது. முன்னே சாய்ந்தால் ஒரு பெரிய அடி எடுத்து வைக்கலாம். பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு காலை மற்றொரு காலைத் தாண்டி வைக்க வேண்டியிருக்கும், கால்கள் பின்னிக்கொள்ளும். முதியவர்கள் அங்கே ஒரே அடியில் மீள முடியாமல் பல சிற்றடிகள் வைக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை விழுவதால் வருபவை, அதிலும் பக்கவாட்டில் விழுந்து இடுப்பு நேராகத் தரையில் மோதுவதால் வருபவை. அதனால் பயிற்சியில் பக்க அடிகளுக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்.

இப்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினசரி நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நல்லது, தொடருங்கள். ஆனால் விழாமல் இருக்க நடைப்பயிற்சி மட்டும் போதும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கை எலும்பு முறிந்து மீண்ட பெண்களை வேகநடை போகச் சொன்ன 1997ஆம் ஆண்டு ஆய்வில், நடந்தவர்களிடம் விழுவது கூடவே செய்தது. ஆஸ்திரேலியாவில் 2015இல் வெளியான பெரிய நடைத்திட்ட ஆய்விலும் விழுவது குறையவில்லை. காரணம் எளிது: ஒரே பாதையில் ஒரே மாதிரி நடந்தால் காலடியை மாற்றும் திறனுக்கு வேலையே வராது.

வேலை செய்வது எது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உடற்பயிற்சி மொத்தத்தில் விழும் விகிதத்தை 23 சதவீதம் குறைத்தது. சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் சேர்ந்தபோது பலன் கூடுதல். அதே துறையினர் அதற்கு முன்பு செய்த பகுப்பாய்வில், சமநிலையை உண்மையாகவே சவால்படுத்தி, வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்த திட்டங்கள் 39 சதவீதம் வரை குறைத்தன. காலைக் குறியிட்ட இடத்தில் விரைந்து வைக்கும் பயிற்சிகளைத் தனியாகத் தொகுத்துப் பார்த்தபோது, விழுவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உருவான ஒரு திட்டம், தடைகள் நிறைந்த பாதை, கூட்டத்தில் நடப்பது போன்ற பயிற்சி, தற்காப்புக் கலையிலிருந்து எடுத்த விழும் முறைகள் ஆகியவற்றை ஐந்து வாரங்களில் கற்றுக்கொடுத்தது. அங்கே விழுவது 46 சதவீதம் குறைந்தது. எனக்கு இந்தத் திட்டம் பிடித்ததற்குக் காரணம், அது முதியவர்களைப் பொத்திப் பொத்தி வைக்கவில்லை. பாதுகாப்பான இடத்தில் தடுமாறவிட்டது.

அதைவிடத் துணிச்சலானது சிகாகோவில் யி சுங் பாய், தன்வி பட் ஆகியோரின் ஆய்வு. முதியவர்களைப் பாதுகாப்புக் கச்சையில் மாட்டி, ஒரே அமர்வில் 24 முறை வழுக்கவிட்டார்கள். அந்த ஒரு அமர்வுக்குப் பிறகு ஒரு வருடம் அன்றாட வாழ்க்கையில் அவர்கள் விழுந்தது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. முதிய நரம்பு மண்டலம் கற்கும் திறனை இழக்கவில்லை, அதற்குச் சரியான பாடம்தான் கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இதை வீட்டில் முயன்று பார்க்கக் கூடாது. கச்சையும் தேர்ந்த ஆளும் இல்லாமல் இது ஆபத்து. தரையில் ஒளிக்குறிகளை விழச்செய்யும் டிரெட்மில்களும் சில மறுவாழ்வு மையங்களில் உள்ளன. அருகில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கவலை வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவை இவை. உறுதியான மேடையோ சுவரோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும், காலில் வழுக்காத, குதிகாலை இறுகப் பிடிக்கும் காலணி இருக்கட்டும். தரையில் நான்கைந்து இடங்களில் வண்ண ஒட்டுநாடாவால் குறி இடுங்கள். பக்கத்தில் இருப்பவர் நிறத்தைச் சொன்னதும் அந்தக் குறியில் காலை வைத்து, பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். முன்னே, பக்கவாட்டில், பின்னே என எல்லாத் திசையிலும் குறிகள் இருக்கட்டும். ஆரம்பத்தில் நிதானமாகச் சொல்லி, பழகப் பழக இடைவெளியைக் குறைக்கலாம். எளிதாகிவிட்டது என்று தோன்றினால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யுங்கள், அல்லது நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் நடந்துகொண்டிருக்கும்போது "நில்லுங்க" என்றதும் நிற்பது, தலையை இடமும் வலமும் திருப்பியபடி நடப்பது, மேடையைப் பிடித்தபடி பக்க அடி வைப்பது. நாற்காலியிலிருந்து எழும்போது விரைந்து எழுந்து மெதுவாக உட்காருவது, இழந்த வெடிப்புத் திறனை மீட்க எளிய வழி. சிரமமே இல்லாமல் செய்ய முடிகிற பயிற்சி சமநிலைக்குப் பயன்படாது. லேசாகத் தடுமாறி, தானே மீள்கிற அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே விழுந்தவர்கள், பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ளவர்கள் இதைத் தாங்களாக ஆரம்பிக்காமல் இயன்முறை மருத்துவரிடம் அளவை வாங்கிக்கொள்ள வேண்டும். போகும்போது அவரிடம் நேர்க்கோட்டில் நடந்து மட்டும் காட்டாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனை வழக்கமானது. 12 நொடி அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஆபத்து உண்டு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்கள் சொல்கின்றன. அதில் நன்றாகத் தேறியும் விழுகிறவர்கள்தான் நாம் பேசிக்கொண்டிருப்பவர்கள். அவர்களைப் பேசிக்கொண்டே நடக்கச் சொல்லி, எதையாவது தாண்டச் சொல்லி, சட்டென்று திரும்பச் சொல்லிப் பார்க்கும்படி கேளுங்கள்.

பயிற்சி இல்லாமலேயே சரிசெய்யக்கூடிய சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். பைஃபோகல், புராக்ரெசிவ் கண்ணாடிகளின் கீழ்ப்பகுதி புத்தகம் வாசிக்கும் தூரத்துக்கானது. அதன் வழியாகத் தரையைப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். இவற்றை அணிபவர்கள் விழும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்டீஃபன் லார்டின் 2002 ஆய்வு காட்டியது. அதிகம் வெளியே போகிறவர்கள் நடப்பதற்கென்று தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடியை வைத்துக்கொள்வது நல்லது. வீட்டோடு இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் உதவவில்லை. வெளியே போகும் சில நேரங்களில் அவர்கள் விழுவது கூடியதும் உண்டு, அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். புதிய கண்ணாடி எதுவானாலும் முதல் சில வாரங்கள் படிகளில் கூடுதல் கவனம் தேவை. கண்புரை இருந்தால் முதல் கண்ணின் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். அதை விரைந்து செய்துகொண்ட பெண்களிடம் விழும் விகிதம் 34 சதவீதம் குறைந்தது.

தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான மாத்திரைகளும் காலடியை மாற்ற எடுக்கும் நேரத்தை மேலும் நீட்டிவிடுகின்றன. நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஆய்வில், இவற்றைப் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் விழும் ஆபத்து 66 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களில் பலர் பிறகு மாத்திரைக்கே திரும்பிவிட்டார்கள். தானாக நிறுத்துவது ஆபத்து, மருத்துவரோடு பேசித்தான் குறைக்க வேண்டும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அளவு குறைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் மட்டும் அழுத்தம் பார்த்தால் இது தெரியாது. வைட்டமின் டி ஊசியையோ பெரிய அளவு மாத்திரையையோ நம்பி இருக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை 5 லட்சம் அலகு கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்வில், எதிர்பார்த்ததற்கு மாறாக, விழுவது 15 சதவீதம் கூடியது. குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பெரியவர் நடந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். சட்டென்று திரும்புவதும், கவனம் பிரிவதும், எடை மாறுவதும் ஒரே நொடியில் நேரும். படியில் இருப்பவரிடம் கேள்வி கேட்காதீர்கள். இன்னொன்று, விழுந்தவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை விழுந்ததை மறைப்பார், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும். "எழுந்திருக்காதீங்க, நாங்க எடுத்துத் தர்றோம்" என்று உட்கார வைப்பதும் அன்பினால்தான். ஆனால் ஆறு மாதம் அப்படி உட்கார்ந்தவரின் கால் இன்னும் தளரும், பயம் இன்னும் பெருகும். பயந்து நடப்பவரின் உடல் விறைக்கிறது, பார்வை அடுத்த தடையை நோக்கித் தாவுகிறது. பயமே விழவைக்கும்.

மயங்கி விழுந்தது, நெஞ்சு படபடத்து விழுந்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டது, சில நாட்களுக்குள் நடை திடீரென்று மாறியது ஆகியவை இந்தப் பதிலில் அடங்காதவை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தும் விழலாம். அதனால் எழுவதையும் பழக வேண்டும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 2008இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், விழுந்த 90 வயதைத் தாண்டியவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு முறையாவது தாமாக எழ முடியாமல் கிடந்தார்கள். 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தரையிலேயே இருந்தார்கள். அழைப்பு மணி இருந்தவர்களில் பலரும் அதை அழுத்தவில்லை. நீண்ட நேரம் தரையில் கிடப்பதே தசைச் சிதைவையும் நீரிழப்பையும் கொண்டுவரும்.

நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, இயன்முறை மருத்துவர் அல்லது பலமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, மெத்தை விரித்த தரையில் இதைப் பழகலாம். விழுந்ததும் எழ முயலாமல் ஒரு நிமிடம் அப்படியே இருந்து, எங்காவது கடுமையாக வலிக்கிறதா என்று பாருங்கள். இடுப்பிலோ கழுத்திலோ வலித்தால் அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். வலி இல்லையென்றால் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முழங்காலுமாக வாருங்கள். அப்படியே தவழ்ந்து உறுதியான நாற்காலியை அடைந்து, இரண்டு கையையும் இருக்கையில் வையுங்கள். பலமுள்ள காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கைகளாலும் அந்தக் காலாலும் அழுத்தி எழுந்து, உடலைத் திருப்பி நாற்காலியில் உட்காருங்கள். தலை சுற்றல் நிற்கும் வரை எழுந்து நடக்க வேண்டாம். கைபேசியை மேசை மேல் வைக்காமல், தரையில் இருந்தாலும் எட்டும்படி சட்டைப் பையிலோ கழுத்துப் பட்டையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.